பழைய அரசியல் நையாண்டி படத்தை எப்படி பாக்குறது

முகமது பின் துக்ளக் படத்தை முத தடவ அப்பா கூட உக்காந்து பாத்தேன், அவர் விழுந்து விழுந்து சிரிச்ச இடத்துல எல்லாம் எனக்கு ஒண்ணுமே வெளங்கல. அப்புறம் அவரே படத்தை நிறுத்தி நிறுத்தி அன்னிக்கு நாட்டுல என்ன நடந்துச்சுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் இந்த மாதிரி படங்களை நான் பாக்குற விதமே மாறிடுச்சு, அதத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல வருஷத்தை பாருங்க. ரிலீஸ் வருஷம் மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடி நாலஞ்சு வருஷத்துல பேப்பர்ல எது பெருசா அடிபட்டுச்சுன்னும் தேடி படிச்சிருங்க. துக்ளக் 1968ல சோ போட்ட நாடகம், 1971ல அவரே டைரக்ட் பண்ணி நடிச்சு படமாக்கினாரு. அதுல துக்ளக்கா வர்ற சோ, ஆட்சிய புடிக்கிறதுக்காக கட்சி மாறி வர்ற எம்.பி.க்களுக்கு எல்லாம் துணைப் பிரதமர் பதவி குடுப்பாரு. இப்ப பாக்குறவங்களுக்கு இது சும்மா ஓவரா பண்ற காமெடியா தெரியும். ஆனா 1967ல ஹரியானாவுல கயா லால்னு ஒரு எம்.எல்.ஏ. ரெண்டே வாரத்துல மூணு தடவ கட்சி மாறினாரு, கட்சி தாவுறவங்கள கிண்டல் பண்ற "ஆயா ராம் கயா ராம்"ங்கற பேச்சே அங்கேர்ந்து வந்ததுதான், கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது 1985லதான், அதுவரைக்கும் தாவுறவங்கள தடுக்க இப்படி ஒரு சட்டமே கிடையாது. இது தெரிஞ்சுகிட்டு அந்த சீனை பாத்தா சிரிப்போட சேத்து கோவமும் வருது. பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குறதும் அப்படித்தான், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தோட சூடு ஆறாத நேரம், இந்தி வேணுமா இங்கிலீஷ் வேணுமான்னு அடிச்சுக்கிட்டவங்களுக்கு நடுவுல யாருக்குமே தெரியாத ஒரு மொழிய கொண்டு வந்து வெச்சாரு பாருங்க, அங்கதான் அப்பா கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு.

வீட்டுல பெரியவங்க இருந்தா கண்டிப்பா கூட உக்கார வைங்க, அவங்க சிரிக்கிற எடத்துல பாஸ் பண்ணி கேளுங்க. எந்த விமர்சனமும் இவ்வளவு சொல்லித் தராது.

இன்னொண்ணு, இன்னிக்கு நமக்கு தெரிஞ்சத வெச்சு அன்னிக்கு எடுத்தவங்கள எடை போடாதீங்க. சாப்ளின் ஹிட்லரை கிண்டல் பண்ணின தி கிரேட் டிக்டேட்டர் 1940ல வந்துச்சு, அமெரிக்கா அப்ப போர்ல எறங்கவே இல்ல. வதைமுகாம்ல நடந்த கொடூரம் அப்பவே தெரிஞ்சிருந்தா இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாதுன்னு பின்னாடி தன்னோட சுயசரிதையில அவரே எழுதினாரு. அத மனசுல வெச்சுகிட்டு அந்த உலக உருண்டை பலூனோட அவர் ஆடுற ஆட்டத்தை பாருங்க, தொண்டைய அடைக்கும்.

கடைசியா, வசனத்தை மட்டும் கேக்காதீங்க, ஒடம்பையும் பாருங்க. 1994ல மணிவண்ணன் எடுத்து நடிச்ச அமைதிப்படையில ஓட்டு எண்ணிக்கை சீன் வரும்ல, அத ஒரு தடவ மியூட்ல போட்டு பாருங்க. ஆரம்பத்துல சத்யராஜ், தன்னை தேர்தல்ல நிறுத்தின மணிவண்ணன் பக்கத்துல நாற்காலி நுனியில பயந்து ஒட்டிகிட்டு உக்காந்திருப்பாரு, தனக்கு ஓட்டு ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி நகருவாரு, முதுகு சாயும், கடைசியில அந்த எடமே தன்னோடதுங்கற மாதிரி கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பாரு. பாத்து முடிச்சதும் திரும்ப ஓட்டி, இந்த தடவ பக்கத்துல இருக்குற மணிவண்ணன் முகத்தை மட்டும் பாருங்க.