கம்பெனியே இல்லை, லீஸ் மட்டும் வில்லங்கத்தில் நிற்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்க இருபது வருஷ லீஸ் பதிந்து கொடுத்தவர்கள், வீட்டை விற்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை நின்று பல வருஷம் ஆகியிருக்கும். கம்பெனி இருந்த இடமே தெரியாது. ஆனால் வில்லங்கச் சான்றில் லீஸ் பத்திரம் அப்படியே இருக்கும். வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் அதைப் பார்த்ததும் ஃபைலை ஓரம் வைத்துவிடுவார்.

பெரும்பாலான சிக்கல் "கம்பெனியை மூடிட்டாங்க" என்ற பேச்சை அப்படியே நம்புவதில்தான் தொடங்குகிறது. மூடியதிலும் வகை உண்டு. மத்திய கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் பெயரைப் போட்டால் நிலை தெரியும். வேறு கம்பெனியோடு இணைந்திருந்தால், பொதுவாக லீஸும் அங்கே போயிருக்கும். கையெழுத்துப் போட ஆள் உண்டு. திவால் சட்டப்படி கலைப்பில் இருந்தால் லிக்விடேட்டரிடம், அதாவது கம்பெனியைக் கலைக்க நியமிக்கப்பட்டவரிடம்தான் பேச வேண்டும். பயனில்லாத, சுமையான லீஸைக் கைவிட அவருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. திவால் வழக்கில் தடையாணை இருக்கும்போது பூட்டை உடைத்து இடத்தை எடுத்துக்கொள்வதோ, டவரைப் பழைய இரும்புக்குப் போடுவதோ உங்களைத்தான் குற்றவாளியாக்கும்.

லீஸ் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதற்கு டவரில் தொங்கும் போர்டும் ஆதாரம் ஆகாது. 2018-ல் திவாலுக்குப் போன ஏர்செல், 2010-லேயே சுமார் 17,500 டவர்களை டவர் தொழிலில் இருந்த ஜிடிஎல் குழுமத்துக்கு விற்றுவிட்டது. ஏர்செல் போனதால் லீஸும் போயிற்று என்று எண்ணினால், எதிர்த்தரப்பையே தவறாகப் பிடித்திருப்பீர்கள். அந்த அமைச்சக இணையதளத்திலேயே, கம்பெனியின் சொத்துகள் மேல் எந்த வங்கிக்காவது அடமானம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பெனிகள் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்ட கம்பெனி என்றால்தான் நிஜமான தலைவலி. பழைய டைரக்டர் ஒருவரைத் தேடிப்பிடித்து, ஐயாயிரம் பத்தாயிரம் கொடுத்து, லீஸை முடித்து இடத்தைத் திருப்பித் தரும் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இல்லாத கம்பெனிக்காகக் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் ஏது? நீங்களே தனியாக ரத்துப் பத்திரம் எழுதினாலும் நிற்காது.

ஒழுங்கான வழி இரண்டு. வாடகை பாக்கி இருந்தால், கம்பெனி உங்களுக்குப் பணம் தர வேண்டும்; சட்டப்படி நீங்களும் கடன் கொடுத்தவர்தான். நீக்க அறிவிப்பு அரசிதழில் வந்து 20 வருஷத்துக்குள், கம்பெனிகள் சட்டம் 252-ஆம் பிரிவின்படி கம்பெனியைப் பதிவேட்டில் மீட்கச் சொல்லித் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். இல்லையென்றால் லீஸ் முடிந்துவிட்டது என்று அறிவிக்கக் கோரி சிவில் வழக்கு. எதற்குப் போனாலும் கம்பெனியின் பதிவு முகவரிக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். பிறகு அதுவே சாட்சி.

லீஸ் காலமே முடிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது: சொத்துரிமை மாற்றுச் சட்டம் 111-ஆம் பிரிவின்படி லீஸும் முடிகிறது. ஆனால் புதுப்பிக்கும் ஷரத்து இருக்கிறதா என்று பத்திரத்தை முழுசாகப் படியுங்கள். காலம் முடிந்த பிறகு யாராவது அனுப்பும் வாடகையைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், குத்தகை தொடர்கிறது என்று வாதாட இடம் கொடுத்தவராவீர்கள்.

பழைய பதிவு வில்லங்கத்திலிருந்து மறையும் என்று காத்திருக்காதீர்கள். அது அங்கேயேதான் இருக்கும். அதன் பின்னே ஒப்படைப்புப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ பதிவாகி வர வேண்டும். தீர்ப்பு கையில் கிடைத்தால் பீரோவில் வைக்காமல் நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் பதிந்து, புதிதாக வில்லங்கம் போட்டு அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.