கிளைடரில் மூன்று செல் பேட்டரி போடும் முன்

ரிமோட் கிளைடரின் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் போடுகிறவர்கள், கூடவே இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியையும் மூன்று செல்லாக மாற்ற ஆசைப்படுவார்கள். அங்கேதான் வம்பு. 7.4 வோல்ட் 11.1 ஆகும்போது, அதே விசிறியில் மின்னோட்டம் ஏறக்குறைய இருமடங்காகிவிடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி புகைவது இப்படித்தான். சிறிய விசிறிக்கு மாறுங்கள். கிளைடரை இறுகப் பிடித்து, மின்னோட்டத்தைக் காட்டும் வாட் மீட்டரில் அளந்த பிறகே பறக்கவிடுங்கள்.

மோட்டார் எதிர்த்திசையில் சுழல்கிறதா? மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிச் செருகினால் போதும். இந்தச் சோதனையை மட்டும் விசிறியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் பிரேக் அமைப்பையும் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் மோட்டாரை நிறுத்திய பிறகும் மடக்கு விசிறி மடங்காமல் சுழன்று வேகத்தைத் தின்னும்.

பேட்டரியின் எடை மாறியதால் எடைமையத்தை மீண்டும் பாருங்கள். நான் பார்க்கவில்லை. வால் கனத்த கிளைடர் தள்ளாடிப்போய் மாமரத்தில் அமர்ந்தது. கிருஷ்ணகிரியில் வேறு எங்கே விழும்? தோப்புக்காரர் ஏணி கொடுத்தார். உதிர்ந்த காய்களுக்குக் கணக்கும் சொன்னார்.