கல்லூரி உதவித்தொகையும் குடும்ப விவரங்களும்: கலிபோர்னியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் தொடங்கி மார்ச் 2 வரை, பள்ளி இறுதியாண்டு மாணவர்களுடன் உட்கார்ந்து கல்லூரி உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்ப உதவும் தன்னார்வலர்களுள் நானும் ஒருவன். புதிதாக இப்பணிக்கு வருபவர்கள், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அதே நல்லெண்ணத்துடன் திரும்பச் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. கடைசித் தேதியை மறப்பது, பெயரில் எழுத்தை மாற்றுவது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. வீட்டில் ஒருவருக்காவது குடியேற்ற ஆவணம் முழுமையாக இல்லாத குடும்பங்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதுகிறேன். தஞ்ச மனு போட்டுவிட்டு முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஈழத்துக் குடும்பங்களும் இவர்களுள் அடக்கம்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் ஃபாஃப்சா என்று முடிவு செய்வது

இங்கே இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஃபாஃப்சா (FAFSA) எனப்படும் மத்திய அரசின் மாணவர் உதவி விண்ணப்பம் மத்தியக் கல்வித்துறைக்குப் போகிறது; குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கான, திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் கிராண்ட், மத்திய அரசின் கல்விக் கடன், மாநில உதவி ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். கலிபோர்னியா டிரீம் ஆக்ட் விண்ணப்பம் மாநில மாணவர் உதவி ஆணையத்துக்கு மட்டும் போகிறது. அதைக் கொண்டு கால் கிராண்ட் போன்ற மாநில உதவிகளையும் கல்லூரிகளே தரும் சில உதவிகளையும் பெறலாம். 2011ஆம் ஆண்டுச் சட்டங்களால் உருவான இந்த விண்ணப்பத்தின் விவரங்களை மத்திய அரசுடன் பகிர்வதில்லை என்று ஆணையமே அறிவித்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் மாணவன் என்னிடம் வந்தான். அவனும் தாயும் ஒரே தஞ்ச மனுவில் இருந்தார்கள். மனு நிலுவையில் இருந்ததால் அவனுக்கு வேலை அனுமதி அட்டையும், அதன்வழி, அமெரிக்க அரசு தரும் ஒன்பது இலக்க அடையாள எண்ணான முறையான சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைத்திருந்தன. தந்தை வேறொரு வழியில் முன்னதாகவே வந்தவர்; அவர் அந்த மனுவில் இல்லை, அவரிடம் எந்த ஆவணமும் இல்லை. நான் எண்ணை மட்டும் பார்த்தேன். எண் இருக்கிறதே, ஃபாஃப்சாவையே போட்டுவிடலாம் என்று சொல்லி, தகுதியுள்ள குடிமகனல்லாதவர் என்ற கட்டத்தை நானே காட்டிக்கொடுத்தேன். அன்று இரவே விண்ணப்பம் போய்விட்டது.

தஞ்சம் வழங்கப்பட்டவர்தான் ஃபாஃப்சாவின் கணக்கில் தகுதியுள்ளவர். மனு நிலுவையில் இருப்பவர் அல்லர். அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவரின் குடியேற்ற எண், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பதிவுகளோடு ஒப்பிடப்படும். ஒப்பீடு பொருந்தவில்லை, கல்லூரி சான்று கேட்டது, நாங்கள் கடிதம் எழுதிக் காத்திருந்தோம். எங்கே தவறு நடந்தது என்று நான் புரிந்துகொள்வதற்குள் மார்ச் 2 கடந்துவிட்டது. அந்த ஆண்டு நான்காண்டுக் கல்லூரிக்கான கால் கிராண்ட் அவனுக்குக் கிடைக்கவில்லை. சமுதாயக் கல்லூரிகளுக்குச் செப்டம்பர் 2 வரை அவகாசம் உண்டு என்பதால் அங்கே சேர்ந்தான். இடம் கிடைத்திருந்த பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டான்.

ஓராண்டு இழப்பைக்கூட ஈடுசெய்யலாம். அவனுடைய தந்தையின் பெயரும் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் எந்தத் தேவையும் இல்லாமல் மத்திய அரசின் பதிவேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது. அந்த விண்ணப்பத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு டாலரும் கிடைக்க வழியில்லை. அனுப்பிய பிறகு அதைத் திரும்பப் பெறவும் முடியாது. முதலில் டிரீம் ஆக்ட் விண்ணப்பத்தைப் போட்டிருந்தால், அதே விவரங்கள் மாநிலத்தோடு நின்றிருக்கும், உதவியும் வந்திருக்கும்.

ஆகவே புதிய தன்னார்வலர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: எண் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அந்த எண் எதன்வழி வந்தது என்று கேளுங்கள். மாணவர் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு உள்ளவரா, தஞ்சம் வழங்கப்பட்டவரா, அல்லது டாக்கா (சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களுக்கான தற்காலிக நாடுகடத்தல் விலக்கு) பெற்றவராகவோ மனு நிலுவையில் உள்ளவராகவோ இருக்கிறாரா என்பது தெரிந்த பிறகே கணினியைத் திறக்க வேண்டும். பின்னால் சொன்ன இரு நிலைகளில் ஃபாஃப்சாவால் பயனில்லை. இம்மாநிலப் பள்ளியில் போதிய காலம் படித்து, 2001இல் வந்த ஏபி 540 சட்டத்தின்படி உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெற்றிருக்கிறார்களா என்பதையே அவர்களுக்குப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அந்தத் தகுதி இல்லாதவர் செலுத்தும் கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டுகிறது.

குடிமகன் என்ற கட்டத்தைத் தொடுவது

குடிமகன் அல்லாதவர் ஒருபோதும் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிட்டால், பின்னால் கிரீன் கார்டு பெறும் வழியே அடைபடலாம்.

பிள்ளை குடிமகன், பெற்றோருக்கு ஆவணமில்லை: தன்னார்வலரே முடிவெடுப்பது

இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெல் கிராண்ட் உரிமை உண்டு. 2025-26 கல்வியாண்டுக்கு அதன் உச்ச அளவு 7,395 டாலர். அதைப் பெற வேண்டுமானால் ஃபாஃப்சா போட வேண்டும்; பெற்றோர் பங்களிப்பாளராகத் தங்கள் பெயரில் இணையக் கணக்குத் தொடங்கி, வருமானவரி விவரங்களைப் பெறுவதற்கு ஒப்புதல் தர வேண்டும். மறுபுறம், இத்தகைய கலப்புநிலைக் குடும்பத்துப் பிள்ளைகளும் மாநில உதவிக்கு மட்டும் டிரீம் ஆக்ட் விண்ணப்பத்தைப் பயன்படுத்தலாம் என்று கலிபோர்னியா வழிவிட்டிருக்கிறது. அப்படிச் செய்தால் மத்திய உதவி கிடையாது.

இதில் எது சரி என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. வருமானவரித் துறை, குடியேற்றத் துறைக்கு விவரம் தருவதற்கு 2025 ஏப்ரலில் ஓர் உடன்பாடு செய்துகொண்ட செய்தி பெற்றோரைக் கலங்க வைத்திருக்கிறது. அந்தக் கலக்கத்தை வீண்பயம் என்று ஒதுக்குவது அநியாயம். அதேபோல், பயமூட்டி அவர்களுடைய பிள்ளையின் 7,395 டாலரை விட்டுவிடச் சொல்வதும் அநியாயம். மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே ஃபாஃப்சா போட்ட குடும்பமானால், பெற்றோரின் விவரங்கள் அங்கே முன்பே இருக்கின்றன. இளையவருக்குப் போடாமல் விடுவதால் அவை அழிந்துவிடாது. இந்த ஒரு செய்தியைச் சொன்னதும் பல பெற்றோர் தெளிவாக முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இரு வழிகளின் நன்மை தீமைகளையும் அவர்கள் முன் வைத்துவிட்டு, ஒரு வாரம் யோசிக்கச் சொல்லி, ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

வெற்றுக் கட்டத்துக்குப் பயந்து ஏதோ ஓர் எண்ணை நிரப்புவது

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோர் வருமானவரி கட்டுவதற்காக ஐடின் எண் வைத்திருப்பார்கள். 9இல் தொடங்கும் அதுவும் ஒன்பது இலக்கம்தான் என்பதால், கட்டத்தில் அது அழகாகப் பொருந்திவிடுகிறது. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் இடத்தில் அதை எழுதக் கூடாது. வேலைக்காகப் பயன்படுத்தும் பிறருடைய எண்ணையும் எழுதவே கூடாது. அது விண்ணப்பத்தை முடக்குவதோடு, பெற்றோருக்கு எதிரான சான்றாகவும் ஆகும். எண் இல்லை என்று தெரிவிக்கும் வழியை விண்ணப்பமே தருகிறது.

காசு வாங்கி நிரப்பித் தருபவரிடம் போவது

இரண்டு விண்ணப்பங்களும் இலவசம்.

பெற்றோரின் கணக்கைப் பிள்ளையின் மின்னஞ்சலில் தொடங்குவது

வேண்டாம், ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல், தனிக் கடவுச்சொல்.

கேட்காததைச் சொல்வது

பெற்றோரின் குடியேற்ற நிலை என்ன என்று ஃபாஃப்சாவும் கேட்பதில்லை, டிரீம் ஆக்ட் விண்ணப்பமும் கேட்பதில்லை. ஆனால் சரிபார்ப்புக்காகக் கல்லூரி ஒரு வரித்தாளைக் கேட்டவுடன், நம் மக்கள் மரியாதையின் காரணமாகவோ பதற்றத்தின் காரணமாகவோ கடவுச்சீட்டு, விசா, நீதிமன்ற அழைப்பு என்று பெட்டியில் இருக்கும் அனைத்தையும் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு தாய், வருமானம் ஏன் குறைந்தது என்று விளக்கச் சொன்ன கடிதத்தில், தாம் இந்நாட்டுக்குள் எந்த வழியாக, யாருடன் வந்தார் என்பதை இரண்டு பக்கம் எழுதியிருந்தார். வேலை நேரம் குறைந்தது என்ற ஒரே வரி போதுமாயிருந்தது. நல்லவேளையாக அனுப்புவதற்கு முன் மகள் என்னிடம் காட்டினாள். அந்தக் கடிதத்தை நாங்கள் மூவரும் சேர்ந்து நான்கு வரியாகத் திருத்தி எழுதினோம், பழைய இரண்டு பக்கங்களையும் தாய் தம் கையாலேயே கிழித்தார்.