குளத்து நீர் பச்சையாவதற்குக் காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையின் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம் போன்ற நொய்யல் குளங்களிலும், தோட்டங்களில் வெட்டப்பட்ட பண்ணைக் குட்டைகளிலும் சத்து மிகுந்து நுண்பாசி பெருகி நீர் பச்சைக் குழம்பாக மாறும்போது, அதன் காரணத்தைத் தேடுபவர்கள் கடலியலின் துணையை நாட வேண்டியிருக்கிறது. நுண்பாசிகளின் உடலிலும் கடல் நீரிலும் சத்துகள் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருப்பதை 1934இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட். பின்னர் திருத்தப்பட்ட அவருடைய கணக்கின்படி, 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் ஒரு பாஸ்பரஸ் அணுவும் இருக்கும். நீரில் இந்த விகிதத்துக்குக் குறைவாக இருக்கும் சத்தே பாசி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் என்பது இதிலிருந்து வரும் கணிப்பு. உழவர் வழக்கில் நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும் பாஸ்பரஸை மணிச்சத்து என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் தவறு இந்த விகிதத்தை ஆய்வக அறிக்கையோடு அப்படியே ஒப்பிடுவது. 16:1 என்பது அணுக்களின் எண்ணிக்கை. அறிக்கையில் இருப்பதோ லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எடை. எடையாக மாற்றினால் அதே விகிதம் ஏறத்தாழ 7:1 ஆகிவிடும். அது மட்டுமன்றி, சில அறிக்கைகள் நைட்ரேட்டின் முழு எடையையும், வேறு சில அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் குறிப்பிடுகின்றன. ஒரு குட்டை நீரில், முழு எடைக் கணக்கில், நைட்ரேட் 12 மில்லிகிராம், பாஸ்பேட் 1 மில்லிகிராம் என்று வந்ததாகக் கொள்வோம். 12 என்பது 16க்குக் குறைவு என்பதால் தழைச்சத்துதான் பற்றாக்குறை என்று முடிவு கட்டத் தோன்றும். அணுக்கணக்கில் பார்த்தாலோ விகிதம் 18:1க்கும் சற்று மேலே போய், பற்றாக்குறை மணிச்சத்து பக்கம் திரும்பிவிடுகிறது. சாக்கடை கலக்கும் குளத்தில் அமோனியாவைச் சேர்க்காமல் நைட்ரேட்டை மட்டும் எண்ணினால் இந்தக் கணக்கும் தவறாகவே முடியும்.

கரைந்த பாஸ்பேட் குறைவாக இருப்பதால் நீரில் சத்தே இல்லை என்று எண்ணுவது இதைவிடப் பெரிய தவறு. பாசி பெருகிய குளத்தில் அந்தச் சத்து பாசியின் உடலுக்குள் போய்விட்டிருக்கும். ஆகவே வடிகட்டாத நீரில் மொத்த பாஸ்பரஸை அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். ரெட்ஃபீல்ட் விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ பாஸ்பரஸ் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட உலர் பாசிக்குப் போதுமானது. 50 கிலோ டிஏபி உர மூட்டையில் ஏறத்தாழ 10 கிலோ பாஸ்பரஸ் உண்டு என்பதை நினைத்தால், வயலிலிருந்து வழிந்தோடும் சிறு பங்கையும் அலட்சியப்படுத்த முடியாது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் 46 சதவீதம் பாஸ்பரஸ் ஆக்சைடின் (P2O5) கணக்கு என்பதால், அதை அப்படியே பாஸ்பரஸாகக் கொள்வதும் பிழைதான்.

கடலின் முடிவை ஆராயாமல் குளத்துக்கு ஏற்றுவது அடுத்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையோர நீரில் பாசி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது நைட்ரஜனே என்று ஆய்வாளர்கள் ரைதரும் டன்ஸ்டனும் 1971இல் எழுதினர். 1973இல் கனடாவின் 226ஆம் எண் ஏரியைத் திரையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர். பாஸ்பரஸ் விழுந்த பக்கம்தான் நீலப்பச்சைப் பாசியால் நிறைந்தது. நன்னீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் என்பதை நெல் வயலுக்குப் பாசி உரம் இட்டவர்கள் அறிவார்கள். மணிச்சத்துக்கு அப்படியொரு வழி இல்லை. பசிபிக் பெருங்கடலின் சில பகுதிகளில் இரண்டு சத்தும் மிகுந்திருந்தும் இரும்பு இல்லாமல் பாசி வளரவில்லை என்பதை 1993இல் இரும்பு தூவிப் பார்த்த சோதனை காட்டியது. செம்மண் கரைந்து வரும் கொங்குக் குளங்களுக்கு அந்தக் கதையைப் பொருத்திப் பார்ப்பது வீண் வேலை என்பேன். சாக்கடையால் எல்லாச் சத்தும் மிதமிஞ்சிய குளத்திலோ, அடர்ந்த பாசி தன் நிழலாலேயே ஒளியை மறைத்து வளர்ச்சியை மட்டுப்படுத்துவதால், எந்த விகிதமும் பெரிதாக ஒன்றும் சொல்லாது.

பச்சை நிறத்துக்குச் சாயக்கழிவைக் குற்றம் சொல்வதும் பெரும்பாலும் பொருந்தாது. சாயத் தொழிலால் நீரில் மிகுவது முதன்மையாக உப்பு. பாசியை ஊட்டுவது வீட்டுக் கழிவுநீர், கோழி எரு, உரம் ஆகியவை. மாதிரி எடுக்கும் பாட்டிலைச் சலவைத் தூளால் கழுவக்கூடாது, அதில் பாஸ்பேட் இருக்கலாம். நண்பகலில் மட்டும் ஆக்சிஜனை அளந்து குளம் நலமாக இருப்பதாகச் சொல்லிவிடக்கூடாது. பகலில் ஆக்சிஜனை வெளிவிடும் பாசி இரவெல்லாம் அதை உறிஞ்சுவதால், மீன்கள் மூச்சுத்திணறிச் சாவது விடியலுக்கு முன்புதான்.

பாசியைக் கண்டதும் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவது பலருடைய வழக்கம். அதனால் செல்கள் உடைந்து, மைக்ரோசிஸ்டிஸ் போன்ற பாசிகள் உள்ளே வைத்திருக்கும் நஞ்சு நீரில் கலக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது என்பதால் கால்நடைகளையும் அந்த நீரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். மடிந்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோக, அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸும் அவிழ்ந்து மேலே வந்து அடுத்த பாசிக்கு உணவாகிறது. சாக்கடையைத் திருப்பிவிட்ட பிறகும் சில குளங்கள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே கிடப்பது இதனால்தான். நீர் வற்றும் காலத்தில் வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோனால் அந்த மணிச்சத்தின் ஒரு பகுதியாவது குளத்தை விட்டு வெளியேறும். ஆனால் ஆலைக் கழிவு கலந்த குளமானால், உலோகங்கள் உள்ளனவா என்று சேற்றைச் சோதித்த பிறகே அதை அள்ள வேண்டும்.