ஜேர்மனியில் முகவரிப் பதிவு: மலையகத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு, இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக்கு வந்திருக்கிறேன். தாதியர் பயிற்சிக்காக அடுத்த மாதம் ஜேர்மனி போகவிருக்கும் சித்தி மகள், நான் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் கேட்டாள்: "அக்கா, அங்கே போனதும் முதலில் எந்த ஆபிசுக்குப் போக வேண்டும்?" அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஜேர்மனியில் குடியேறும் எவரும், வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், அந்த ஊர் நிர்வாகத்திடம் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். தவறினால் 1000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். பெயரையும் தேயிலைத் தோட்டத்தையும் அதிலுள்ள டிவிசனையும் எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும், அந்தப் பக்கம் போகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று வளர்ந்த எனக்கு, இது புரியவே சில நாள் ஆனது.

முதல் வேலை இங்கேயே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இராமையா, மற்றதில் ராமய்யா என்று இருப்பது நம் பக்கத்தில் அதிசயமில்லை. திருத்தம் வேண்டுமென்றால் இப்போதே பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஜேர்மனி போனபின் ஹட்டனுக்குத் தொலைபேசி எடுத்துக் கெஞ்சுவது பெரும்பாடு. திருமணமானவர்கள் திருமணச் சான்றிதழையும் சேர்த்து, ஜேர்மன் மொழிபெயர்ப்போடு எடுத்துச் செல்லுங்கள். எல்லா ஊரிலும் கேட்கமாட்டார்கள். கேட்கும் ஊரில் அது இல்லாமல் வேலை நடக்காது.

போய் இறங்கியதும், பதிவு அலுவலகத்தில் நேரம் முன்பதிவு செய்யுங்கள். பெரிய நகரங்களில் வாரக்கணக்கில் இடம் கிடைக்காது. கிடைத்த நாள் இரண்டு வாரத்தைத் தாண்டினால், முன்பதிவு செய்ததற்கான மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

அடுத்தது, பலரும் தடுக்கி விழும் இடம். வீட்டு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் எந்தத் தேதியில் குடிவந்தீர்கள், எந்த முகவரி, யார் யார் என்று வீட்டைத் தந்தவர் எழுதிக் கையெழுத்திடும் தனிப் படிவம் வேண்டும். விடுதி அறை என்றால் விடுதி நிர்வாகமே தரும். "காசு கொடுத்தால் ஒரு முகவரி பிடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். குடியிருக்காத வீட்டைக் காட்டப் பொய்ச் சான்று கொடுப்பவருக்கு அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். அதை வைத்துப் பதிந்தவரும் தப்பமாட்டார்.

அலுவலகத்தில் கடவுச்சீட்டு, விசா, அந்தப் படிவம் மூன்றையும் நீட்டினால் பத்து நிமிட வேலை. நடுவில் மதம் என்ன என்று கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று பதிந்தால், வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வரும்போது, வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகப் போகும். அது மாநிலத்தைப் பொறுத்தது. சைவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பதிந்ததும் தரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள், வங்கிக் கணக்குத் திறக்கக் கேட்பார்கள். விசா நீடிப்பு வேறு அலுவலகத்தின் வேலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் எதையும் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக எது இருக்கிறதோ அதுதான் ஒட்ட வேண்டிய பெயர். நம்மில் பலருக்கு அது அப்பாவின் பெயர். இதைச் சொன்னபோது சித்தப்பா, "அப்படியென்றால் கடிதமெல்லாம் எனக்கா வரும்?" என்று கேட்டார்.

வரும் கடிதங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, 11 இலக்க வரி எண். இதைத் தொழில் தருபவரிடம் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் அதிகமாகப் பிடித்துவிடுவார்கள். மற்றது, வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், வீடொன்றுக்கு மாதம் 18.36 யூரோ. "என்னிடம் டிவியே இல்லை" என்று நானும் வாதாடிப் பார்த்தேன், செல்லவில்லை. ஒரே வீட்டில் நால்வர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும்.

அறை மாறினால் மறுபடியும் இதே இரண்டு வாரக் கணக்கு. நாட்டை விட்டே போகிறீர்கள் என்றால் பதிவை நீக்கவும் மறக்காதீர்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்யலாம்.