சீகூர் மேட்டுச் சரளை மண்: அளப்பதும் வகைப்படுத்துவதும்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும்போது மண் அடியோடு மாறிவிடுகிறது. மேலே ஆழமான, புளிப்பேறிய தேயிலை மண். கீழே, மழை மறைவில் கிடக்கும் சீகூர் பீடபூமியில் உன்னிச்செடியும் வேலமரமும் நிற்கும் சிவந்த கல்தரை. வாழைத்தோட்டம், சிறியூர்ப் பக்கம் கோடையில் நடந்தால் "இது பாலைவன மண்தான்" என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. மண்ணில் கல் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. வருடத்தில் எத்தனை நாள் மண் ஈரமாக இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. பாலைமண் என்ற பெயரை முடிவு செய்வது இரண்டாவது கேள்விதான். ஆனால் வேலை முதல் கேள்வியில்தான் அதிகம், தப்பு நடப்பதும் அங்கேதான்.

குழி

பட்டா நிலத்தில் மட்டும் தோண்டுங்கள். சுற்றிலும் முதுமலை புலிகள் காப்பகம். 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் போதும். பாறை முன்னதாகவே தட்டினால் அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிடலாம். காய்ந்த சரளையில் கடப்பாரை இறங்காது, குழியின் சுவரும் உதிரும். நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்துத் தோண்டுவது சுலபம். வேலை முடிந்த அன்றே மூடிவிட வேண்டும். திறந்த குழியில் இரவில் மானோ மாடோ விழும். யானைக் கன்றும் விழலாம்.

சுவரைக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து, நிறமோ கல்லின் அளவோ மாறும் இடங்களில் கோடு போடுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் தனி மாதிரி. மேற்பரப்பில் கிடக்கும் கல்லை மேலடுக்கின் கணக்கில் சேர்க்கக்கூடாது. மழை நுண்மண்ணை அரித்துக்கொண்டு போனதால் மிஞ்சிய கல் அது; கீழே அவ்வளவு கல் இருக்கும் என்பதற்கு அது சாட்சி இல்லை. அதைத் தனியாக எண்ண, 20 மீட்டர் நாடாவை விரித்து 20 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக 100 புள்ளிகள் பாருங்கள். எத்தனை புள்ளியில் கல் படுகிறதோ அதுவே சதவீதம்.

கல்லின் வடிவத்தையும் எழுதிவையுங்கள். கூர்முனையுள்ள கல் அங்கேயே உடைந்தது, அல்லது மேட்டிலிருந்து சரிந்து வந்தது. உருண்ட கல் என்றால் தண்ணீர் கொண்டுவந்தது. மாயாற்றின் ஓரத்திலும் பழைய ஓடைத்தடங்களிலும் கிடைக்கும்.

எவ்வளவு மண் எடுப்பது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அரைக் கிலோ மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு போனால், அதில் ஒரு பெரிய கல் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் விடை தலைகீழாகிவிடும். பெரிய கல் 20 மில்லிமீட்டர் வரை என்றால் குறைந்தது 1 கிலோ வேண்டும். 40 மில்லிமீட்டர் வரை என்றால் 8 கிலோ. 75 மில்லிமீட்டர் வரை என்றால் 60 கிலோ. இதை யாரும் தலையில் சுமக்க வேண்டாம். தார்ப்பாயில் கொட்டி, பெரிய கற்களைப் பொறுக்கித் தொங்குதராசில் எடை போட்டுவிட்டு அங்கேயே விட்டுவிடலாம். மிச்சத்தைக் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கும் மண்ணுக்கும் எல்லை 2 மில்லிமீட்டர். அதற்குக் கீழே இருப்பது நுண்மண்: மணல், வண்டல், களி மூன்றும் இதில் அடக்கம். 2 முதல் 75 மில்லிமீட்டர் வரை சரளை. 75 முதல் 250 வரை குண்டுக்கல். 250 முதல் 600 வரை பெருங்கல், அதற்கு மேல் பாறாங்கல். கடையில் வாங்கிய சல்லடை என்றால் கண்ணை முதலில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கம்பியின் தடிமனைக் கழித்து 2 மில்லிமீட்டர் வர வேண்டும்.

காயவைத்துச் சலித்தால் மட்டும் போதாது. இந்தச் செம்மண்ணின் களி கல்லோடு ஒட்டிக்கொள்ளும், உருண்டையாக இறுகிச் சல்லடையில் கல் போலவே நிற்கும். சல்லடையில் தங்கியதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அதே சல்லடையில் அலசிக் காயவைத்து எடை போடுங்கள். ஊறவைக்காமல் எடுத்த கணக்கு எப்போதும் கல்லைக் கூட்டித்தான் காட்டும்.

அடுத்தது கடினம் பார்ப்பது. வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) சந்தேகம் இல்லை. இற்றுப்போன சார்னோகைட், நைஸ் பாறைத் துண்டுகளும் செம்பூராங்கல் முடிச்சுகளும்தான் சந்தேகத்துக்கு உரியவை. கட்டாந்தரையில் வைத்து முழு உடல் எடையையும் மெதுவாகக் கொடுத்து மிதியுங்கள். உடைந்தால் அது வகைப்பாட்டுக் கணக்கில் கல் ஆகாது. "இற்ற கல்" என்று தனியாக எழுதுங்கள். சுத்தியலால் அடித்தால்தான் உடைகிறது என்றால் அது கல். இற்ற கல் தண்ணீரையும் ஓரளவு பிடித்து வைக்கும் என்பதால் விவசாயிக்கு இந்த வேறுபாடு வெறும் ஏட்டு விஷயம் இல்லை.

எடையா, கன அளவா?

வகைப்பாடு கேட்பது கன அளவை. தராசு கொடுப்பது எடையை. கல்லின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 2.65 கிலோ, துளைகளோடு சேர்ந்த நுண்மண் சுமார் 1.3 கிலோ. அதனால் எடையில் சரிபாதி கல்லாக இருந்தாலும் கன அளவில் அது 33 சதவீதம்தான். எடைச் சதவீதத்தை அப்படியே கீழே வரும் வகுப்புப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் மண் ஒரு வகுப்பு மேலே ஏறிவிடும். நாம் பார்க்கும் தவறுகளில் பாதி இதுதான்.

நேரடியாக அளக்கவும் வழி உண்டு. சரளை மண்ணில் இரும்பு வளையம் அடித்து மாதிரி எடுக்க முடியாது. கல் தடுக்கும், மண் நொறுங்கும். அதற்குப் பதில், அடுக்கின் மேல்தளத்தைச் சமமாக்கி, 30 சென்டிமீட்டர் நீள அகலத்தில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு குழி எடுங்கள். எடுத்த மண்ணில் ஒரு பொட்டுகூடச் சிந்தக்கூடாது. குழிக்குள் மெல்லிய பாலித்தீன் தாளை மடிப்பில்லாமல் பரப்பி, அளவு ஜாடியால் தண்ணீர் ஊற்றி, விளிம்பு வரை எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். தடித்த தாள் என்றால் மூலைகளில் ஒட்டாது. அளவு குறைந்து வரும்.

ஒரு கணக்கு: குழி 18 லிட்டர். காய்ந்த மண் மொத்தம் 30 கிலோ, அதில் அலசிக் காயவைத்த கல் 14 கிலோ. 14-ஐ 2.65-ஆல் வகுத்தால் 5.3 லிட்டர். 18-இல் 5.3 என்பது 29 சதவீதம். மிச்சம் 16 கிலோ நுண்மண் 12.7 லிட்டரில் இருந்தது, ஆக அதன் அடர்த்தி 1.26. இந்த எண் 1.0-க்குக் கீழேயோ 1.8-க்கு மேலேயோ வந்தால் எங்கோ தண்ணீர் அளவு பிசகியிருக்கிறது, திரும்பச் செய்யுங்கள்.

அமெரிக்க மண் வகைப்பாட்டையே இந்திய மண் ஆய்வும் பின்பற்றுகிறது. அதன்படி கன அளவில் 15 சதவீதத்துக்குக் கீழே கல் இருந்தால் பெயரில் சரளை சேராது. 15 முதல் 35 வரை சரளை மண். 35 முதல் 60 வரை மிகுசரளை. 60 முதல் 90 வரை அதிசரளை. மேலே சொன்ன 29 சதவீதக் கணக்கு சரளை மண் வகுப்பு. இந்தப் பெயரோடு நுண்மண்ணின் நயத்தையும் (மணலும் களியும் எவ்வளவு என்பதை) சேர்க்க வேண்டும். கல் நீக்கிய மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். நாடாவே வராவிட்டால் மணல் சார்ந்தது, 2.5 சென்டிமீட்டருக்குள் அறுந்தால் இருபொறை மண் (மணல், வண்டல், களி கலந்தது), 5 வரை போனால் களி இருபொறை, அதற்கு மேல் களிமண்.

35 சதவீதம் இன்னொரு விதத்திலும் முக்கியமான எல்லை. அதைத் தொட்டால் மண் குடும்பப் பெயரில் "ஸ்கெலட்டல்" (கல் மிகுந்தது) என்ற சொல் சேரும். ஆனால் அதை மேல் 15 சென்டிமீட்டரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பொதுவாக 25 முதல் 100 சென்டிமீட்டர் வரையான பகுதியின் சராசரி. களி சேர்ந்த அடுக்கு இருந்தால் பெரும்பாலும் அந்த அடுக்கின் மேல் 50 சென்டிமீட்டர்.

பாலைமண்தானா?

பாலைச் சரளைக்குச் சில தனி அடையாளங்கள் உண்டு. ஜெய்சல்மேர்ப் பக்கத்துக் கல்வெளியிலும் சகாராவில் ரெக் எனப்படும் கல் சமவெளிகளிலும் மேற்பரப்பில் கற்கள் தளம் போட்டதுபோல் நெருங்கிக் கிடக்கும். காற்று மண்ணை அடித்துக்கொண்டு போவதால் மட்டும் இது ஆவதில்லை. வந்து படியும் தூசி கற்களின் இடுக்கில் இறங்கி, கல்லை மேலேயே நிறுத்திவிடுகிறது. கல்தளத்தின் அடியில் குமிழ்க்குமிழாகத் துளைகள் கொண்ட வெளிறிய மெல்லடுக்கு இருக்கும். நெடுங்காலம் கிடந்த கல்லின் முகத்தில் இரும்பும் மாங்கனீசும் கருமெருகு ஏற்றியிருக்கும். சீகூர்க் கல்தரையில் குமிழடுக்கைத் தேடிப் பாருங்கள். கல்லைப் புரட்டினால் சாதாரணச் செம்மண்தான்.

கல்லின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 11 பங்கு தண்ணீரில் 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கரைசல் செய்யுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. பாலையில் இது படிப்படியாக வளரும்: முதலில் கல்லின் அடியில் மெல்லிய பூச்சு, பிறகு கல்லைச் சுற்றி உறை, பிறகு இடுக்கெல்லாம் அடைப்பு, கடைசியில் அதன் தலையில் தகடுதகடாக ஒரு பாளம். சரளையில் அடைக்க வேண்டிய இடம் குறைவு என்பதால் கல்லில்லாத மண்ணைவிட இது சீக்கிரம் முற்றும்.

நுரைத்துவிட்டது என்பதற்காகவும் பாலை என்று எழுதிவிடாதீர்கள். பழனி மலையின் வடக்கு அடிவாரம் போன்ற வறண்ட நிலங்களில் சுக்கான்கல் (சுண்ணாம்பு முடிச்சு) சாதாரணமாகக் கிடைக்கும். தீர்ப்பு ஈரத்தில்தான். 25 மில்லிமீட்டர் தண்ணீர் காய்ந்த மண்ணில் இறங்கும் ஆழத்திலிருந்து 75 மில்லிமீட்டர் இறங்கும் ஆழம் வரை உள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். மணற்பாங்கான இருபொறை மண்ணில் இது ஏறத்தாழ 20 முதல் 60 சென்டிமீட்டர்; கல் தண்ணீர் பிடிக்காததால் சரளையில் இன்னும் ஆழத்துக்குப் போகும். நம்மூர் வெப்பத்தில், இந்தப் பகுதி முழுவதும் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் காய்ந்திருந்து, தொடர்ந்து 90 நாள்கூட எங்கும் ஈரமாக இல்லாவிட்டால்தான் அரிடிசால், அதாவது பாலைமண் வரிசை. இரண்டு பருவமழையிலும் பங்கு பெறும் சீகூர் மேடு அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கிறது.

அரிடிசாலுக்குள் ஏழு பிரிவுகள்: குளிர்ப்பாலைக்குக் கிரையிட், உப்புக்கு சாலிட், சிலிக்கா இறுகியதற்கு டியூரிட், ஜிப்சத்துக்கு ஜிப்சிட், களி சேர்ந்ததற்கு ஆர்ஜிட், சுண்ணாம்புக்கு கால்சிட், இவை எதுவும் இல்லாததற்கு கேம்பிட். இதே வரிசையில்தான் சோதிக்க வேண்டும்.

நம் மேட்டு மண்ணுக்கு வழி வேறு. கீழே போகப் போகக் களி தெளிவாகக் கூடி, கல்லின் மேல் களிப்படலம் மினுங்கி, கால்சியம், மெக்னீசியம் போன்ற காரச்சத்தும் போதுமான அளவு இருந்தால் ஆல்ஃபிசால் வரிசை. அடுக்கு லேசாகத்தான் உருவாகியிருந்தால் இன்செப்டிசால். ஒன்றுமே உருவாகாத சரிவு மண் என்டிசால். 50 சென்டிமீட்டருக்குள் கெட்டிப் பாறை வந்தால் "லித்திக்" என்ற அடைமொழி பொதுவாகச் சேரும்.

கணக்கின் பயன்

கல்லில்லாத இருபொறை மண் மீட்டருக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் தண்ணீரைப் பயிருக்குத் தரும் என்று வைத்துக்கொள்வோம். 45 சென்டிமீட்டர் ஆழமும் 40 சதவீதக் கல்லும் உள்ள நிலத்தில் அது 40 மில்லிமீட்டராகச் சுருங்கும். அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்ச வேண்டும் என்றால், நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவாகும் கோடையில் நான்காம் நாள் தண்ணீர் வைத்தாக வேண்டும். மொத்தமாகப் பாய்ச்சினால் வேருக்குக் கீழே ஓடிவிடும். சிறிது சிறிதாக, அடிக்கடி.

உரத்திலும் இதே கதை. பரிசோதனை நிலையம் சலித்த நுண்மண்ணை மட்டும் சோதித்து முடிவு தரும். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டருக்குக் கல்லில்லாவிட்டால் சுமார் 790 டன் நுண்மண். 40 சதவீதம் கல் இருந்தால் 470 டன்தான். அறிக்கையில் ஒரே எண் இருந்தாலும் நிலத்தில் உள்ள சத்து ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும், சுண்ணாம்போ ஜிப்சமோ இடும் அளவும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். மாதிரிச் சீட்டில் கல்லின் கன அளவுச் சதவீதத்தையும் பாறை தட்டிய ஆழத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். சலித்து வெளியே போட்ட கல்லை அங்கே யாரும் எடை போடுவதில்லை.