பழைய மரக் கடைசல் லேத் வாங்கியதும் அதிர்வை நிறுத்தியதும்

புது லேத்துக்குக் காசில்லை. அதனால் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டி, புனலூர் பக்கம் ஒரு கட்டில் பட்டறையில் சும்மா கிடந்ததைப் பார்க்கப் போனேன். பெட்டில், அதாவது லேத்தின் நீளமான இரும்பு அடித்தளத்தில், துரு. மேலோட்டமான துரு மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போட்டால் போய்விடும், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பயப்பட வேண்டியது ஸ்பிண்டிலுக்குத்தான், மரத்தைப் பிடித்துச் சுழற்றும் தண்டு அது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினேன், கரகரப்பு இல்லை. மேலும் கீழும் ஆட்டினேன், ஆட்டமும் இல்லை. மரத்தை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் கூரான சென்டர் முனைகளையும் நெருக்கி வைத்தால் நேருக்கு நேர் நின்றன. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், சரி, வீட்டு லைனிலேயே ஓடும்.

கொண்டுவந்து ஓட்டினால் ஒரே குலுக்கல். பக்கத்துக் கடை அண்ணாச்சி பேரிங் போச்சு என்றார், அவருக்கு எல்லாமே பேரிங்தான். பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டினேன், அமைதி. ஸ்பிண்டிலை வாங்கும்போதே கையால் சுற்றிப் பார்த்தாயிற்று. ஆக பெல்ட்தான்: ரொம்ப நாள் ஒரே நிலையில் இழுபட்டுக் கிடந்த வி-பெல்ட் அந்த வளைவிலேயே விறைத்துப்போய், சுற்றும்போதெல்லாம் உதறும். புது பெல்ட் போட்டு, பெல்ட் ஓடும் இரண்டு புல்லி சக்கரங்களையும் நேர்கோலை வைத்து ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தேன். மிச்சமிருந்த அதிர்வு, தரையில் படாத ஒரு காலுக்கு ஆப்பு வைத்ததும் அடங்கியது.